ஐந்தரைக் கட்டைக்கும் ஆறுக்கும் நடுவில்

2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை இரவு. எங்கள் பஜனைக் குழுவில் ஆறு பேர் என் வீட்டுப் பின்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தைப்பூசத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. காவடிப் பாட்டின் மூன்றாவது சரணம் நான்கு தடவை சொதப்பி, ஐந்தாவது தடவை கச்சிதமாக வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது. மேசைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ். உடனே 'பீப், பீப்' என்று கத்த ஆரம்பித்தது.

யாரும் பாட்டை நிறுத்தவில்லை. டர்பன்காரர்களுக்கு இருட்டில் பாடிப் பழக்கம். பதிவும் நிற்கவில்லை, புதுக் கணினி பேட்டரியில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. சரணம் முடிந்து ஹெட்போனில் போட்டுக் கேட்டால் முருகன், வேல், மயில், நடுநடுவே ஒரு பீப். தாளத்தோடு ஒட்டாத ஜால்ரா மாதிரி. அழிக்கவும் வழியில்லை. அதே உயரத்தில்தான் கைத்தாளமும் மணியும் ஒலிக்கின்றன, பீப்பை வெட்டினால் அவையும் சேர்ந்து வெட்டுப்படும்.

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். லோட் ஷெடிங் என்பது தென்னாப்பிரிக்காவில் 2007-08இல் தொடங்கிய நோய். மின்சாரம் போதாதபோது ஊர் ஊராக முறைவைத்து நிறுத்துவார்கள். இன்று இத்தனையாம் நிலை என்று ஓர் எண் அறிவிப்பார்கள், எண் ஏற ஏற இருட்டும் ஏறும். ஒரு தடவை போனால் இரண்டு மணி நேரம். 2023இல் ஆறாம் நிலை வரைக்கும் பார்த்துவிட்டோம். கல்யாணம் விசாரிக்கப் போகிற வீட்டில் 'இன்வெர்ட்டர் இருக்கிறதா' என்றும் சேர்த்து விசாரித்த காலம் அது. 2024 மார்ச் கடைசியில் திடீரென்று நின்றது. ஒரு மாதம், ஐந்து மாதம், ஒன்பது மாதம் ஆகியும் வரவில்லை. நம்பிவிட்டேன். ஜனவரி முதல் வாரத்தில் டெஸ்க்டாப்புக்கான பாகங்களை வாங்கினேன். மூன்று வாரம் கழித்து, சொன்னேனே, அந்த 31ஆம் தேதி, லோட் ஷெடிங் திரும்பி வந்தது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து கணினிப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

*

வீட்டில் இசை செய்கிற தென்னாப்பிரிக்கர்கள் லேப்டாப்பை விடமாட்டார்கள் என்பதற்கு இதுதான் காரணம். லேப்டாப்புக்கு வயிற்றிலேயே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் திரை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். நானும் 2016இல் வாங்கிய லேப்டாப்பிலேயே ஒன்பது வருடம் ஓட்டினேன். இன்டெல் ஆறாம் தலைமுறைச் சில்லு, இரண்டே கோர், 8 ஜி.பி. நினைவகம். பகலில் துறைமுகப் பக்கம் சரக்குக் கணக்கு எழுதுகிறவனுக்கு இரவில் நாலு பாட்டுப் பதிய அது போதும் என்றுதான் வாங்கினேன். சின்ன வயதில் மாயவரத்தில் மிருதங்கம் படித்தது தவிர வேறு இசைத் தகுதி எனக்குக் கிடையாது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீடு பார்த்துக் குடிவந்த பிறகு கோயில் குழுக்களோடு பழக்கம் ஏற்பட்டது. 'தம்பி, கம்ப்யூட்டர்ல பாட்டு பிடிக்கிறியாமே' என்று ஒருவர் கேட்டதில் ஆரம்பித்த விவகாரம்.

டர்பன் பிப்ரவரியில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். முப்பது டிகிரியை ஒட்டிய வெயில், கடல் ஈரம் வேறு. அந்தப் புழுக்கத்தில் லேப்டாப் விசிறி பிரஷர் குக்கராக மாறும். கண்டென்சர் மைக்குக்கு நல்ல காது, குக்கரையும் விடாமல் பதியும். சூடு எல்லை தாண்டினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே ஒலி 'டிக் டிக்' என்று உடையும். உடையாமல் இருக்க பஃபரைக் கூட்ட வேண்டும். பஃபரைக் கூட்டினால் தாமதம் கூடும்.

இந்தத் தாமதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் கணினி மாற்ற வைத்ததே இதுதான். ஒலியைக் கணினி சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை, குடம் குடமாக வாங்குகிறது. குடத்தின் அளவுதான் பஃபர். விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது 512 மாதிரிக் குடம் நிறைய 11.6 மில்லி விநாடி ஆகும். உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம், நடுவில் இதர செலவுகள் என்று மொத்தம் 25ஐத் தாண்டும். கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர்தான் போகும். அப்படியானால் 25 என்பது எட்டரை மீட்டர். தன் குரலையே எட்டரை மீட்டர் தள்ளி நிற்கும் இன்னொருவர் பாடுவது போலக் கேட்டுக்கொண்டு பாட வேண்டும். பழகியவர்கள் சமாளிப்பார்கள். எங்கள் ஆயா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, 'பின்னாடி யாரோ என்னோட சேர்ந்து பாடுறாங்க தம்பி, அவங்கள மொதல்ல நிக்கச் சொல்லு' என்றார்.

மைக்கைக் கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸில், குரலைக் கணினிக்குள் அனுப்பாமல் நேரே காதுக்குத் தருகிற டைரக்ட் மானிட்டர் குமிழ் இருக்கிறதே, அதைத் திருப்பினால் தாமதமே இல்லையே என்று தெரிந்தவர்கள் கேட்பீர்கள். உண்மைதான். பல வருடம் அப்படித்தான் ஒப்பேற்றினேன். ஆனால் அதில் வருவது வறண்ட குரல். கோயில் மண்டபத்தில் பாடிப் பழகியவருக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்த்துக் கொடுத்தால்தான் தொண்டை திறக்கும். எதிரொலி வேண்டும் என்றால் குரல் கணினிக்குள் போய்த் திரும்ப வேண்டும். சுற்றிச் சுற்றிக் குடத்திடமே வந்து நிற்போம்.

கடைசி ஆணியை அடித்தது விண்டோஸ். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். பதினொன்றுக்கு ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. சரி, போகட்டும் என்று முடிவு செய்தேன்.

*

என்ன வாங்கினேன் என்பதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், இது விலைப்பட்டியல் எழுதுகிற இடம் அல்ல. ஏ.எம்.டி. ரைசன் 7 9700எக்ஸ், எட்டு கோர், 65 வாட். 64 ஜி.பி. டி.டி.ஆர்.5 நினைவகம், இரண்டே குச்சிகளாக. நான்கு குச்சி போட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓட வேண்டிவரும். 2 டி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டு. பெரிய விசிறி வைத்த கூலர், பஞ்சு ஒட்டிய பெட்டி. தனி கிராஃபிக்ஸ் அட்டை வாங்கவில்லை. கடைக்காரப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, 'அங்கிள், கார்டு இல்லாம டெஸ்க்டாப்பா?' என்றான். பாட்டுக்கு எதற்கப்பா கிராஃபிக்ஸ், அது இன்னொரு விசிறி, இன்னொரு இரைச்சல். சில்லுக்குள்ளேயே திரைக்குத் தேவையான அளவு இருக்கிறது. எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரேண்டுக்குச் சற்றுக் கீழே வந்தது. அந்த மாதம் வீட்டில் கறி எடுக்கவில்லை என்று எழுதினால் மனைவி இதையும் படிப்பாள், அதனால் எழுதவில்லை.

நானே பூட்டினேன். வண்டி என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், இதற்கு எங்கே வைப்பது என்று மகள் கேட்டாள். சூடம் மட்டும் காட்டிவிட்டு, இந்த ஊரின் தடித்த மூன்று உருண்டைக் கால் பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. திரையில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், கறுப்பு. அணைத்துப் போட்டேன், கறுப்பு. நினைவகக் குச்சியைக் கழற்றி மாட்டினேன், கறுப்பு. முப்பதாயிரம் ரேண்ட் கண்முன்னால் ஆவியாகிக்கொண்டிருந்தது. இந்த வகைப் பலகைகள் முதல் தடவை உயிர் பெறும்போது நினைவகத்தோடு பேசிப் பழகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரையில் எதுவும் வராது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் அணைக்க அணைக்க அது முதலில் இருந்து பழக ஆரம்பித்திருக்கிறது. வெறுத்துப்போய் டீ போடப் போனேன். டீயோடு திரும்பி வந்தால் திரையில் எழுத்து ஓடுகிறது.

அப்புறம் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை நிறுவி, பஃபரை 64 ஆக்கி, மைக் முன்னால் 'ஹலோ' சொன்னேன். போய்த் திரும்ப ஐந்து மில்லி விநாடி. ஆயாவோடு பின்னால் இருந்து கூடப் பாடிய அந்த 'யாரோ' ஒருவழியாகக் கிளம்பிப் போய்விட்டார்.

விசிறிச் சத்தமும் போய்விட்டது, ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒன்பது வருடமாக விசிறி மூடி மறைத்து வைத்திருந்த சத்தங்கள் எல்லாம் இப்போது மேடைக்கு வந்தன. மைனாக் கூட்டம், கூரையில் ஓடும் குரங்கு, பக்கத்துத் தெரு லாரி. எல்லாவற்றுக்கும் மேலே ஹடிடா. அந்தப் பறவையைக் கேட்காதவர்கள் பாக்கியசாலிகள். அன்றில் இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் சங்கப் பாட்டில் உருகும் அன்றில் என்று நினைத்துவிடாதீர்கள். துருப்பிடித்த இரும்புக் கேட்டை ஓங்கித் திறப்பது போலக் கத்தும். விடியற்காலையும் அந்தி நேரமும் அதன் கச்சேரி நேரம். அந்த நாட்களில் என் பதிவு நேரத்தை மின்சார அட்டவணையும் ஹடிடாவும் சேர்ந்துதான் நிர்ணயித்தன. இருந்தாலும் ஆசை யாரை விட்டது, அந்த மிச்ச சொச்ச விசிறியும் கேட்கக் கூடாது என்று பெட்டியை நடைக்கு நகர்த்தி, கதவுக்கு மேலே ஓட்டை போட்டுக் கம்பிகளை உள்ளே இழுத்தேன். யூ.எஸ்.பி. 2 கம்பி ஐந்து மீட்டர்தான் தாங்கும். என் நடை நாலரை மீட்டர். வீடு கட்டியவர் வாழ்க.

*

இதுவரை எழுதியது எல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியம். பழைய பாட்டுகளைப் புது வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் பெரும்பாடு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

ஒன்பது வருடத்தில் நூற்று நாற்பது சொச்சம் பாட்டுக் கோப்புகள். புது வட்டில் படி எடுத்து ஒன்றைத் திறந்தேன். 'இந்தக் கோப்பைக் காணவில்லை, அந்தக் கோப்பைக் காணவில்லை' என்று திரை முழுக்கப் புலம்பல். பழைய கணினியில் ஒலிகள் எல்லாம் டி என்ற வட்டில் இருந்தன, இங்கே அந்த வட்டுக்கு 'இ' என்று பெயர். வட்டின் எழுத்தை டி என்று மாற்றியதும் முக்கால்வாசிப் பாட்டு உயிர் பெற்றது. இரண்டு நிமிட வேலை, தெரியாமல் போனதில் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.

மிச்சம் கால்வாசிதான் உண்மையான வலி. தம்பூராவுக்கும் தவிலுக்கும் பதிவு மென்பொருளுக்குள் சொருகினால் வாத்தியம் வாசிக்கிற பழைய பிளகின் ஒன்று வைத்திருந்தேன், 32 பிட் காலத்துச் சரக்கு. 32 பிட் என்பது பிரச்சினை இல்லை, ரீப்பர் அதையும் ஓட்டும். ஆனால் புதுக் கணினியில் அது ஓட வேண்டுமானால் தயாரித்தவர்களின் சர்வரிடம் அனுமதி வாங்க வேண்டும். தயாரித்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியது, ரசீது இருக்கிறது, கதவைத் தட்டினால் திறக்க ஆள் இல்லை. முப்பத்துச் சொச்சம் பாட்டுகளில் குரல் மட்டும் தனியாக நிற்கிறது. சுருதி இல்லை, தாளம் இல்லை. பந்தல் பிரித்த பிறகு தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் போல.

பழைய லேப்டாப்பில் அந்த பிளகின் இன்னும் ஓடுகிறது, அங்கேயே எல்லாவற்றையும் ஒலியாக்கி எடுத்துவிடலாம் என்று தோன்றியபோது இன்னொரு சிக்கல் நினைவுக்கு வந்தது. லேப்டாப்பை வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயது. ஜூலு பேசும் குடும்பம். இந்த ஊரில் பிறந்த கோம் இசை செய்கிறான். கோம் என்று எழுதுகிறேனே தவிர அந்த முதல் எழுத்து தமிழில் இல்லை. நாக்கை அண்ணத்தில் ஒட்டி, பாட்டில் மூடியைத் திறப்பது போலப் 'டொக்' என்று விடுவிக்க வேண்டும். நான் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அவன் வீட்டில் எல்லோரும் வெளியே வந்து சிரிப்பார்கள். டர்பன் டவுன்ஷிப் பையன்கள் சாதாரணக் கணினியிலேயே உலகத்துக்குக் கொடுத்த இசை அது. அவன் நண்பன் வீட்டுக் கணினியில் எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளை வைத்துக்கொண்டு, முறை வாங்கிப் போய் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தான். 'புதுசு வந்ததும் பழசு உனக்குத்தான்' என்று டிசம்பரில் சொல்லியிருந்தேன். ஜனவரி பாதியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

'இரண்டு வாரம் பொறு' என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து வாயில் வந்ததை எல்லாம் விளக்கினேன். அவன் கேட்டுவிட்டு, 'அங்கிள், நீங்க ஸ்டெம் எடுத்து வைக்கலையா?' என்றான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அடி, குரல், பேஸ் என்று தனித்தனி ஒலிக் கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்வானாம். சொந்தக் கணினி இல்லாதவன், நாளைக்கு எந்தக் கணினியில் உட்கார்வான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் பழகிய பழக்கம். சொந்தக் கணினி வைத்திருந்த எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

ஆக, இரண்டு வார இறுதிகள். பழைய குக்கரை மறுபடி அடுப்பில் ஏற்றி, ஒவ்வொரு பாட்டையும் திறந்து, ஒவ்வொரு தடத்தையும் முதல் நொடியில் இருந்து கடைசி வரை தனி வேவ் கோப்பாக எடுத்தேன். எதிரொலி சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. 24 பிட், 44,100 என்றால் ஒரு தடம் நிமிடத்துக்கு எட்டு எம்.பி. இருபது தடம் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 800 எம்.பி. வரும். இந்தக் காலத்து வட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. பாட்டின் பெயர், வேகம், சுருதி, யார் யார் பாடியது என்று ஒரு சாதா எழுத்துக் கோப்பும் கூடவே போட்டேன். வேவ் கோப்பைத் திறக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வேலை நடக்கும்போது பையனும் வந்து உட்கார்ந்தான். சீக்கிரம் முடியட்டும் என்ற அக்கறை. ஒரு தெருக்கூத்துப் பாட்டின் தவில் தடம் தனியாக ஓடியபோது நிமிர்ந்து உட்கார்ந்து, 'இது எத்தனை பி.பி.எம்.?' என்றான். அவன் கோமும் அந்தத் தவிலும் வேகத்தில் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. லேப்டாப்போடு அந்தத் தடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நான் வாசித்த தவில் இல்லை, பிளகின் வாசித்தது என்பதைச் சொல்லவில்லை.

*

யூ.பி.எஸ். கதைக்கு முடிவு சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அந்தச் சரணத்தைத் திரும்பப் பாடினோம். ஐந்தாவது தடவையின் அழகு வரவில்லை, ஆனால் பீப்பும் வரவில்லை. மறுநாள் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தால், ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் கத்தலை நிறுத்திவிடலாம் என்று எழுதியிருக்கிறது. கையேடு தமிழில் இருந்திருந்தால் முன்னாலேயே படித்திருப்பேன் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். தூய சைன் அலை தருகிற யூ.பி.எஸ்.ஸாகப் பார்த்து வாங்கியதற்கு மட்டும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். இப்போதைய பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு மலிவு யூ.பி.எஸ்.ஸின் படிக்கட்டு அலை ஒத்துக்கொள்வதில்லை. கரண்ட் போன கணமே கணினியும் அணைந்துபோகும், கத்துவதற்கு யூ.பி.எஸ். மட்டும் மிஞ்சும். கிராஃபிக்ஸ் அட்டை இல்லாததால் என் பெட்டி குறைவாகத்தான் குடிக்கிறது, சேமித்துவிட்டு மூட இருபது நிமிடம் தாராளமாகக் கிடைக்கிறது. அதே பிப்ரவரியில் ஆறாம் நிலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனபோதும் ஒரு பாட்டும் போகவில்லை.

*

தைப்பூசம் 11ஆம் தேதி நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஞாயிறு ஆயா வந்தார்.

ஆயா என் சொந்த ஆயா அல்ல. எங்கள் தெருவுக்கே ஆயா. மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்த வரிசை வீடுகள் அவை. இருந்தவர்களில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். 1960களில் இன்ன இனத்துக்கு இன்ன இடம் என்று சட்டம் போட்டுப் பிரித்தபோது அங்கிருந்தவர்களை சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஆயாவின் அப்பா பகலில் தெரு கூட்டியவர், கூத்து நாளில் பாஞ்சாலி. பெண்கள் கூத்தில் ஆடக் கூடாது, அதனால் ஆயாவும் அவருடைய அக்காவும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பாவின் பாட்டு முழுவதையும் காதாலேயே எடுத்துக்கொண்டார்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் தமிழ் பேச்சில் இருந்து போய்விட்டது, பாட்டில்தான் மிச்சம் இருக்கிறது. ஆயாவிடம் இரண்டும் இருக்கிறது. 2016இல் லேப்டாப் வாங்கியதும் நான் முதலில் பதிந்தது அவர் பாடிய பாஞ்சாலி அழுகையைத்தான். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது, ஐந்து கட்டையில் நின்று பாடினார். கட்டை என்பது சுருதி உயரத்தின் கணக்கு, எண் ஏற ஏற சுருதியும் ஏறும். இப்போது நாலு கட்டைக்கு மேல் போவதில்லை.

'புதுப் பொட்டி வாங்கினியாமே, என் பாட்டு அதுல ஓடுதா?' என்று கேட்டார். பெருமையாகத் திறந்து ஓட விட்டேன்.

ஓடிய முதல் வரியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. குரல் மெலிந்து, உயர்ந்து, கொஞ்சம் அவசரமாக ஓடுகிறது. பக்கத்தில் சுருதிப்பெட்டியை அமுக்கிப் பார்த்தேன். ஐந்து கட்டை இல்லை. ஐந்தரையும் இல்லை, ஆறும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தொங்குகிறது. ஒன்பது வருடத்துப் பதிவைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

காரணம் பிறகு தெரிந்தது. பஜனைக் குழுவுக்காக எட்டு மைக்கின் ஒலியை ஏற்றித் தருகிற பிரீஆம்ப் ஒன்றை இன்டர்ஃபேஸோடு கோத்திருந்தேன். டிஜிட்டல் கருவிகள் இரண்டு சேர்ந்தால் யாராவது ஒருவருடைய கடிகாரத்துக்குத்தான் இரண்டும் கட்டுப்பட வேண்டும். பிரீஆம்பைத் தலைவனாக்கி, 48,000இல் வைத்து, அப்படியே விட்டுவிட்டேன். ஆயாவின் பாட்டு 44,100இல் பதிந்தது. மென்பொருள் 44,100 என்று நம்பி மாதிரிகளை அனுப்ப, கருவி 48,000 வேகத்தில் அவற்றை விழுங்குகிறது. நூற்றுக்கு ஒன்பது பங்கு வேகம், ஒன்றரை அரைச்சுருதி உயரம். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மென்பொருளில் சுருதியை மட்டும் ஏற்றினால் இப்படிக் கேட்காது. கடிகாரமே வேகமாக ஓடும்போது பாட்டு மட்டும் ஏறுவதில்லை, பாடுகிற தொண்டையும் சின்னதாகிறது. ஆளே மாறிவிடுகிறார்.

ஆனால் அந்த நிமிடம் இது எதுவும் தெரியாது. 'மன்னிச்சிருங்க ஆயா' என்று மவுஸைத் தேடினேன். ஆயா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

'நிறுத்தாத.'

ஓடவிட்டேன். பாஞ்சாலி கண்ணனைக் கூப்பிடுகிற இடம் வரைக்கும் அசையாமல் கேட்டார். முடிந்ததும், 'இது நான் இல்ல தம்பி. இது எங்க அக்கா' என்றார்.

அக்கா போய் முப்பது வருடம் ஆகிறது. குரல் எதிலும் பதிவாகவில்லை, ஒரு கேசட் கூடக் கிடையாது. அவருக்கு ஆயாவை விட மேல் சுருதியாம். 'கூப்புடுற எடத்துல அவ அவசரப்படுவா, அப்பா திட்டுவாரு' என்றார் ஆயா. நான் கடிகாரம், பிரீஆம்ப் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவே இல்லை. 'எப்புடி ஆச்சுன்னு எனக்கு எதுக்கு. இன்னொரு தடவ போடு' என்றார்.

இரவு கடிகாரச் சுவிட்சைச் சரியாக வைத்தேன். ஆயாவின் குரல் ஐந்து கட்டைக்கு இறங்கி வந்தது, ஒரு குறையும் இல்லாமல். மறுநாள் சாயங்காலம் ஆயாவின் பேரன் பென்டிரைவோடு வந்து, 'அந்தப் பாட்டு வேணுமாம்' என்றான். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. ரீப்பரைத் திறந்து, ஓட்ட வேகம் என்ற இடத்தில் 1.0884 என்று அடித்தேன். சுருதியைக் காப்பாற்று என்று ஒரு கட்டம் டிக் செய்திருந்தது, அதை எடுத்துவிட்டேன். பாட்டு மறுபடி ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நின்றது. எதிரொலி சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று.

கோப்புக்கு என்ன பெயர் வைக்க என்று ஆயாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அக்காவின் பெயரைச் சொன்னார்.